ஒரே அரங்கில் கால்பந்தும் ஓட்டமும்: கட்டுமானக் கேள்வி பதில்

கேள்வி: சார், கால்பந்துத் திடலைச் சுற்றி எட்டு லேன் ஓடுதளமும் போட்டால் கேலரியில் என்ன சிக்கல் வரும்?

பதில்: பார்வைக்கோடு அடிவாங்கும். பின்வரிசைக்காரர் கண்ணிலிருந்து ஓரக்கோட்டுக்கு இழுக்கும் கோடு, முன்வரிசைக்காரர் கண்ணுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் போகிறது? அதுதான் 'சி' மதிப்பு. 90 மி.மீ. இருந்தால் நல்லது, 60க்குக் கீழே போகக் கூடாது.

ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம். முன்னவர் கண் ஓரக்கோட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளி, 8 மீட்டர் உயரத்தில். படி உயரம் 30 செ.மீ., அகலம் 80 செ.மீ. 30ஐ 8.3ஆல் பெருக்கி, 30.8ஆல் வகுத்து, 8ஐக் கழியுங்கள்: 84 மி.மீ. கால்பந்துக்குப் போதும். இப்போது ஓடுதளம். லேனுக்கு 1.22 மீட்டர், எட்டுக்கு 9.76. வெளி லேனையும் பார்க்கவேண்டுமென்றால் 30 மீட்டர் ஏறக்குறைய 20 ஆகிவிடும். அதே கணக்கில் விடை மைனஸ் 19 மி.மீ.! ஓட்டக்காரர் முன்னவர் தலைக்குப் பின்னால் மறைந்துபோவார்.

கேள்வி: அப்படியென்றால் படியை உயர்த்திவிடலாமே?

பதில்: உயர்த்தலாம். அதே வரிசையில் 38.3 செ.மீ. வைத்தால்தான் 60ஐத் தொடும். சாய்வு 25 பாகைக்குச் சற்று மேலே போகும். ஆனால் ஒவ்வொரு வரிசை ஏறும்போதும் அடுத்ததன் கண் உயரம் மாறுவதால், வரிசை வரிசையாக மறுபடி போடவேண்டும். மேலடுக்கு சீக்கிரமே 35 பாகையை எட்டிவிடும், அதற்குமேல் ஏறுவதே ஆபத்து. அதனால்தான் பாரிஸ் ஸ்டாட் டி பிரான்ஸ் (1998), சிங்கப்பூர் தேசிய அரங்கம் (2014) இரண்டிலும் கீழடுக்கையே நகரும்படி செய்தார்கள். என் பார்வையில் அதுதான் சரியான வழி. செலவு அதிகம்தான்.

கேள்வி: இசை நிகழ்ச்சிக்கும் விட்டால் கேலரி ஆடுமா?

பதில்: கூட்டம் தாளத்துக்கு நொடிக்கு 2 முறை குதித்தால் 4, 6 ஹெர்ட்ஸிலும் (நொடிக்கு 4, 6 முறை) உதைப்பு வரும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கேண்டிலீவர் அடுக்கின் செங்குத்து இயல்பதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக மேலும் கீழும் ஆடும் வேகம், 6 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கவேண்டும். இதை வரைபடக் கட்டத்திலேயே பாருங்கள். கட்டியபின் அதிர்வைத் தணிக்கும் டேம்பர் பொருத்துவது பெரும்பாடு.

கேள்வி: புல் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது?

பதில்: கூரை நிழல் ஒன்று, அடித்தளம் இன்னொன்று. வடிகால் குழாய்கள், மேலே 100 மி.மீ. சரளை, அதன்மேல் 300 மி.மீ. மணல் கலந்த வேர்மண். மணலில் நுண்தூள் அதிகமானால் துளைகள் அடைத்து, மழைநீர் மேலேயே நிற்கும். கூரை வேலைக்கு வந்த கிரேன் நடுத்திடலில் நின்றிருந்தால் அடிமண் இறுகியிருக்கும். அதைக் கிளறிவிட்ட பிறகே குழாய் பதியுங்கள். நிழல் விழும் பகுதிக்கு வளர்ப்பு விளக்குகளை நகர்த்தி நகர்த்தி வைக்கவேண்டியதுதான்.

கேள்வி: வெளியேறும் படிக்கட்டு எவ்வளவு அகலம் வேண்டும்?

பதில்: பரவலாகப் பயன்படும் பிரிட்டிஷ் வழிகாட்டிக் கணக்கில் படியில் மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 66 பேர், சமதளத்தில் 82 பேர், 8 நிமிடத்துக்குள் வெளியேற வேண்டும். 1.2 மீட்டர் படிக்கட்டு 633 பேருக்குத்தான் போதும். 3 மீட்டர் நடைபாதை அந்தப் படிக்கட்டில் போய் முடிந்தால், கணக்கு 1.2ஐ வைத்துத்தான்.