கடல் மணல் புகுந்த மோட்டாரும் உப்பிய பேட்டரியும்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரையில் ஒரு திருமணத் தம்பதியரைப் படம்பிடித்த நாளிலிருந்து, என் ட்ரோன் எடுக்கும் காட்சிகள் தண்ணீருக்கடியில் பார்ப்பதுபோல் நெளிகின்றன. பறக்கும் ஓசையும் சற்று மாறியிருக்கிறது. ஆனால் ரிமோட் திரையில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. இப்படியே பறக்கவிடலாமா?
– வாசகர், தஞ்சோங் பூங்கா

பதில்: வேண்டாம். திரை எச்சரிக்கவில்லை என்பதற்காக ட்ரோன் நலமாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. உங்கள் காதும் கண்ணும் முன்னதாகவே எச்சரித்துவிட்டன.

ட்ரோன் காமிராக்கள் பெரும்பாலும் ஒரு படத்தை ஒரே கணத்தில் முழுமையாகப் பதிவு செய்வதில்லை. வரி வரியாகப் படிக்கின்றன. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் காமிரா நடுங்கினால் நேர்க்கோடுகள் அலையாகிவிடுகின்றன. ஆகவே நீங்கள் பார்ப்பது காமிராக் கோளாறாக இருப்பதைவிட, ட்ரோனின் உடலில் எங்கோ தோன்றிய அதிர்வாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த அதிர்வு படத்தைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. ட்ரோனைச் சமநிலையில் நிறுத்தும் உணரிகளும் அதே உடலில்தான் பொருத்தப்பட்டுள்ளன என்பதால், அவற்றின் கணக்கையும் அது குழப்பும்.

முதலில் இறக்கைகளைக் கழற்றிவிடுங்கள். இறக்கை மாட்டிய நிலையில் பேட்டரியைச் செருகி மோட்டாரைச் சோதிக்கும் பழக்கம் யாருக்கேனும் இருந்தால், விரல்கள் பத்தும் இருக்கும்போதே அதை விட்டுவிடுவது நல்லது. கழற்றிய ஒவ்வொரு இறக்கையையும் வெளிச்சத்தின் முன் பிடித்து, முன்விளிம்பு நெடுகிலும் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். கண்ணுக்குத் தப்பிய சிறு வெட்டும் நகத்தில் தட்டும். பிறகு இறக்கையை இலேசாக வளைத்து அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். நைலான் கலந்த பிளாஸ்டிக்கில் வெளிறிய கோடு தெரிந்தால், அங்கே பொருள் களைத்துவிட்டது என்று பொருள். அதை ஒட்டியோ உரசியோ சரிசெய்ய முயலாதீர்கள். மடக்கும் இறக்கையாக இருந்தால், அந்த மோட்டாரிலுள்ள இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதியதும் பழையதும் எடையில் ஒத்துப்போகாவிட்டால், எந்த அதிர்வைப் போக்க நினைத்தீர்களோ அதுவே திரும்பி வரும். திருகுகளையும் புதிதாகப் போடுங்கள். திருகு கழன்றுவிடாமலிருக்கப் பூசும் நீலப் பசையைத் தாராளமாக ஊற்றுவோர் உண்டு. அது வழிந்து பட்டால் சில வகைப் பிளாஸ்டிக்குகளில் வெடிப்பு விழும்.

அடுத்தது மோட்டார். உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் இங்கேதான். இவ்வகை மோட்டாரின் சுழலும் கூட்டுக்குள் வலுவான காந்தங்கள் இருக்கின்றன. கடற்கரை மணலில் கறுப்பு இரும்புத் துகள்களும் கலந்திருக்கும். ட்ரோன் மணலிலிருந்து எழும்போது அதன் சொந்தக் காற்றே அத்துகள்களைக் கிளப்பி, காந்தத்திடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. ஒவ்வொரு மோட்டாரையும் விரலால் சுண்டிச் சுற்றிவிட்டு, காதருகே வைத்துக் கேளுங்கள். நான்கும் ஏறத்தாழ ஒரே நேரம் சுற்றி ஒரே விதமாக ஓய வேண்டும். ஒன்று மட்டும் கரகரத்தாலோ சட்டென்று நின்றாலோ அதில்தான் மணல் இருக்கிறது. கூட்டை மேலும் கீழும் இழுத்துப் பார்த்து, அதன் ஆட்டத்தை மற்ற மூன்றோடு ஒப்பிடுங்கள். துகள்களை ஒட்டுநாடாவின் முனையால் தொட்டுத் தொட்டு எடுக்கலாம். காற்றழுத்தக் குழாயை நேராகப் பீய்ச்சினால் மணல் பேரிங்குக்குள் இன்னும் ஆழமாகப் போகும். சுத்தம் செய்த பிறகும் கரகரப்புத் தொடர்ந்தால் பேரிங்கையோ மோட்டாரையோ மாற்றியே ஆக வேண்டும். இவை யாவும் சரியாக இருந்தால் மட்டும், காமிராவைத் தாங்கும் சிறு ரப்பர் குமிழ்களில் ஏதேனும் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. பாலிக் பூலாவில் ஒரு டுரியான் தோட்டத்தைப் படமெடுத்துத் திரும்பிய மாலையில், துடைப்பதற்காக இறக்கையைக் கழற்றினேன். திருகின் தலை மறைத்திருந்த இடத்தில், முடியிழை அளவில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அன்று காலை அதே இறக்கையைப் பார்த்துத் திருப்தியோடு பறக்கவிட்டவன் நான். காலையில் தோட்டக்காரர் காத்திருந்தார், மேகம் திரண்டு வந்தது, என் கண் அவசரத்தில் இருந்தது. அதன்பிறகு முழுச் சோதனையைப் பறந்து முடித்த மாலைக்கு மாற்றிக்கொண்டேன். பழுது தெரிந்தால் உதிரிப் பாகம் வாங்க அவகாசம் கிடைக்கும். இறங்கிய உடனே மோட்டார்களைத் தொட்டுப் பார்த்தால், மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும் ஒன்று தன்னைத்தானே காட்டிக்கொடுத்தும் விடும். மணமக்கள் காத்துக்கொண்டிருக்கும் இடத்தில் நிதானமான சோதனை நடக்கும் என்று நம்புவது கடினம்.

கேள்வி: தீபாவளிக்கு முழுமையாகச் சார்ஜ் செய்து அலமாரியில் வைத்த பேட்டரி, இப்போது வயிறு உப்பினாற்போல் இருக்கிறது. சார்ஜ் நூறு விழுக்காடு காட்டுகிறது. கடைசியாக ஒருமுறை பயன்படுத்தலாமா?
– வாசகர், பிறை

பதில்: ஒருமுறைகூடக் கூடாது. லித்தியம் பாலிமர் பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லும், அதாவது தனி மின்கலமும், முழுமையாக நிறைந்த நிலையில் பொதுவாக 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்நிலையில் நெடுநாள் வைத்தால், அதிலும் நம் ஊர்ப் புழுக்கத்தில் வைத்தால், உள்ளிருக்கும் வேதிப்பொருள் சிதைந்து வாயு உண்டாகிறது. அந்த வாயுதான் உப்பலாகத் தெரிகிறது. உப்பிய பேட்டரி அதன் குழியில் சரியாக அமர்வதில்லை. கொக்கி பாதி மாட்டிய நிலையில் மேலே போய், நடுவானில் கழன்று வந்துவிடக்கூடும். நூறு விழுக்காடு என்பது மின்னழுத்தத்தை வைத்துப் போடும் கணக்கே தவிர, மோட்டார்கள் ஒரே நேரத்தில் இழுக்கும்போது அது தாங்குமா என்பதற்குச் சான்று ஆகாது.

அதைக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம், குப்பைத் தொட்டியிலும் போட வேண்டாம். எரியும் பொருள்களிலிருந்து தள்ளி வைத்து, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள். இனி வாங்கும் பேட்டரியை, சில நாள்களுக்குப் பறக்கப் போவதில்லை என்று தெரிந்தால், செல்லுக்குச் சுமார் 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி வையுங்கள். சில பேட்டரிகள் தாமாகவே அந்த அளவுக்கு இறங்கிக்கொள்ளும். பறந்து முடித்த சூட்டோடு சார்ஜரில் மாட்டாதீர்கள். வெயிலில் நிறுத்திய காரிலும் விட்டு வைக்காதீர்கள். ஒவ்வொரு பேட்டரியிலும் வாங்கிய தேதியையும் ஓர் எண்ணையும் எழுதி ஒட்டுவது என் வழக்கம். செல்களுக்கிடையில் 0.1 வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு தொடர்ந்து தெரிந்தால், வயிறு உப்பும்வரை நான் காத்திருப்பதில்லை.

கேள்வி: எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்து மொட்டை மாடியில் ட்ரோனை வைத்தாலே, திசைகாட்டியைச் சீரமைக்கச் சொல்கிறது. பலமுறை சீரமைத்தும் பயனில்லை.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கோளாறு தரையில் இருக்கிறது. கான்கிரீட்டுக்குள் ஓடும் இரும்புக் கம்பிகளும் சுற்றிலும் நிற்கும் கார்களும் பூமியின் காந்தப்புலத்தைத் திரித்துவிடுகின்றன. அங்கேயே சீரமைத்தால் அந்தத் திரிபையே சரியான அளவாக ட்ரோன் ஏற்றுக்கொள்ளும்; மேலே போனதும் திசை தவறி வட்டமடிக்கத் தொடங்கலாம். புல்வெளிக்கு எடுத்துச் சென்று, சாவிக்கொத்தையும் கைப்பேசியையும் தள்ளி வைத்துவிட்டு ஒருமுறை செய்யுங்கள். விமானப்படைத் தளம் உங்கள் ஊரிலேயே இருப்பதால், அந்தப் புல்வெளியில் பறக்க அனுமதி தேவையா என்பதை மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லாச் சோதனைகளையும் முறையாகச் செய்த ட்ரோனைத் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கூட்டத்தின் மேல் பறக்கவிடலாமா?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: ஆணையத்தின் அனுமதி இல்லாமல் கூடாது. நான்கு மோட்டார் கொண்ட ட்ரோனில் ஒன்று நின்றுபோனால் பொதுவாக மீதி மூன்றால் அதைச் சமன்செய்ய முடியாது, சுழன்றுகொண்டே விழும். ஆறு அல்லது எட்டு மோட்டார் கொண்டவை ஒன்றை இழந்தும் தரையிறங்க வாய்ப்புண்டு என்றாலும், அவை கனமானவை. என் ட்ரோனாக இருந்தால், கூட்டம் நிற்காத ஓரத்திலிருந்து சாய்கோணத்தில் எடுக்க அனுமதி கேட்பேன். அது கிடைக்காவிட்டால் ஒரு மாடி வீட்டுக்காரரிடம் பேசி, முக்காலியோடு அவர் வீட்டு மேல்தளத்தில் ஏறிவிடுவேன்.