அம்மாவின் கண்ணுக்குப் பழைய லேசரா, புதிய லேசரா?

சுங்கை சிப்புட்டில் இருக்கும் அம்மாவுக்கு இனிப்புநீரால் விழித்திரை கெட்டிருக்கிறது, ஈப்போவில் லேசர் வைக்கச் சொல்கிறார்கள், எந்த வகை நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று. லேசர் போன பார்வையைத் திருப்பித் தராது, இருப்பதைக் காப்பாற்றத்தான்.

ரத்த ஓட்டம் போதாத விழித்திரையில் நோஞ்சான் ரத்தக் குழாய்கள் புதிதாக முளைத்து உடைந்து கசியும். ஓரப் பகுதிகளை லேசரால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளாகச் சுட்டால் ஆக்சிஜன் தேவை குறைந்து அந்தக் குழாய்கள் சுருங்கும். பழைய முறையில் ஒரு புள்ளிக்குச் சுமார் 100 மில்லி விநாடி, ஒவ்வொன்றாக. வலிக்கும், பல தடவை போய்வர வேண்டும். புதியதான பேட்டர்ன் லேசரில் 20 மில்லி விநாடிதான், ஒரே அழுத்தில் பல புள்ளிகள் விழும். வலி குறைவு. ஆனால் தழும்பு சின்னது என்பதால் புள்ளிகள் கூடுதலாக வேண்டும். இதைப் பலர் சொல்வதில்லை. நோய் முற்றியிருந்தால் பழையதை மட்டமாக நினைக்காதீர்கள்.

மைக்ரோபல்ஸ் என்று இன்னொரு லேசர் உண்டு, அது வேறு வேலைக்கு. தழும்பில்லாமல் மாக்குலா, அதாவது விழித்திரையின் நடுப்பகுதி, வீங்கியிருப்பதைக் குறைக்க. வீக்கம் நடுமையத்தில் இருந்து பார்வையும் குறைந்திருந்தால் இப்போது பெரும்பாலும் கண்ணுக்குள் போடும் ஊசிதான் முதலில்.

ஓரத்தைச் சுடுவதால் இரவுப் பார்வை மங்கலாம். பால்மரம் வெட்டிய என் அப்பா லேசருக்கு அப்புறம், விடியுமுன் நெற்றி விளக்கோடு போயும் தடம் தெரியவில்லை என்பார். அம்மா இருட்டில் வேலைக்குப் போகிறவர் என்றால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். லேசர் வைக்கும் அன்றைக்குச் சொட்டு மருந்தால் கண் கூசும், மோட்டாரில் தனியாக அனுப்பாதீர்கள்.