ஞாயிற்றுக்கிழமை வராத வயிற்றுவலி

கேள்வி: என் இளைய மகனுக்கு 11 வயது. இரண்டு மாதமாக, பள்ளிக்குக் கிளம்பும்போது வயிற்றுவலி என்று சுருண்டு படுத்துக்கொள்கிறான். ஞாயிற்றுக்கிழமை வலி இல்லை. ஸ்கேன், ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தாயிற்று, கோளாறு இல்லை. ஸ்கூல் வேனில் பெரிய பையன்கள் பட்டப்பெயர் சொல்லி, டிபன் பாக்ஸைப் பிடுங்குகிறார்களாம். அவன் அப்பா, "திருப்பி அடிச்சிட்டு வா" என்கிறார். வீட்டில் அண்ணனும் அவனை அடித்துக்கொண்டேதான் இருப்பான். எங்கள் வளர்ப்பில் தவறா, டாக்டர்?
- ஒரு தாய், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அவன் நடிக்கவில்லை அம்மா. பயம் வந்தால் வயிறு உண்மையாகவே வலிக்கும். ஸ்கேனில் அது தெரியாது.

சீண்டுவது அந்தப் பையன்கள். தடுக்க வேண்டியது பள்ளி. பழியை நீங்கள் சுமக்க வேண்டாம். ஆனால் வீட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தார் 2013-ல் 70 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அடியும் ஏச்சும் மிகுந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளியிலும் சீண்டலுக்கு ஆளாவது அதிகம். பொத்திப் பொத்தி வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கும் அது ஓரளவு கூடுதல்தான்.

உங்கள் கடிதத்தில் என் மனதை உறுத்தியது அண்ணன் விஷயம். 'அண்ணன் தம்பின்னா அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறோம். சண்டை என்றால் இருவரும் அடிப்பார்கள், இருவரும் அழுவார்கள். இங்கே ஒருவனே அடிக்கிறான், ஒருவனே அழுகிறான். வீட்டில் அடி வாங்கியபோது யாரும் கேட்காததைப் பார்த்தவன், வேனில் மட்டும் எப்படி வாய் திறப்பான்? அண்ணனை இன்றே நிறுத்துங்கள். அதற்காக அவனை அடிக்காதீர்கள். அந்த அண்ணனை யாராவது எங்காவது அடிக்கிறார்களா என்றும் விசாரியுங்கள்.

அவன் அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். திருப்பி அடிக்க முடிந்தால் அவன் என்றைக்கோ அடித்திருப்பான். இப்படியே சொல்லிக்கொண்டிருந்தால், அப்புறம் அப்பாவிடம் எதையும் சொல்ல மாட்டான். மாலையில் சில்வர் பீச்சுக்கு அப்பாவும் அவனும் மட்டும் போய் வரட்டும். எதிரே உட்கார்ந்து துருவினால் வராத பேச்சு, பக்கத்தில் நடக்கும்போது வரும். அப்பா குறுக்கே பேசாமல் கேட்டால் போதும்.

பள்ளிக்கு, என்றைக்கு என்ன நடந்தது என்று தேதியோடு எழுதி, கிளாஸ் டீச்சரிடமும் தலைமை ஆசிரியரிடமும் கொடுங்கள். வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட் கேளுங்கள். அந்தப் பையன்களின் வீட்டுக்கு நேரே போய்ச் சண்டை போட வேண்டாம். அந்தக் கோபம் மறுநாள் வேனில் உங்கள் பிள்ளை மேல்தான் இறங்கும். பள்ளி அசையவில்லை என்றால் 1098-க்குப் பேசுங்கள், குழந்தைகளுக்கான இலவச எண் அது.

எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, ஓயாத வாந்தி, மலத்தில் ரத்தம் - இதில் ஒன்று இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். "செத்துப் போயிடலாம்னு இருக்கு" என்று ஒரு முறை சொன்னாலும் அவனைத் தனியே விடாதீர்கள். உடனே மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.