50 கேலிபர் மசில்லோடரில் மான் வேட்டைக்குத் துல்லியமும் சிக்கனமும் சேர்ந்த குண்டு எது?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 50 கேலிபர் (அரை அங்குலத் துளை) இன்லைன் மசில்லோடர், அதாவது குழல் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் திணிக்கும் துப்பாக்கியின் நவீன வடிவம், வாங்கிவிட்டதாகவும், கடையில் இருபது இருபதாகப் பெட்டியில் வரும் குண்டுகள் கட்டுப்படியாகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அக்டோபரில் வரும் கொம்பில்லா மான் பருவத்துக்காகக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மானைக் கொல்ல வழி சொல்கிறானே என்று கொதிப்பவர்களுக்கு ஒன்று: இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், நான் பேசுவது, வெள்ளைவால் மான்கள் மலிந்த மாநிலத்தில், உரிமம் பெற்று, உரிய பருவத்தில், இறைச்சிக்காகச் சுடுவதைப் பற்றி மட்டுமே.

குண்டை விலைபேசுவதற்கு முன் குழலின் உள்முறுக்கை, அதாவது குண்டைச் சுழலவைக்க உள்ளே சுற்றிச் செல்லும் வரிப்பள்ளத்தை, பாருங்கள். இன்லைன் துப்பாக்கிகளில் பெரும்பாலும் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருக்கும். அது நீளமான குண்டுக்கானது. 60 அல்லது 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றிருக்கும் பழைய பாணிக் குழல்களுக்குத் துணி சுற்றிய காரீய உருண்டைதான் ஏற்றது.

என்னுடையது 28 அங்குல முறுக்கு. கைத்துப்பாக்கிக்கென்று ஹார்னடி நிறுவனம் செய்யும் .452 அங்குல எக்ஸ்டிபி குண்டுகளில் 250 கிரெய்ன் எடையுள்ளதை, அதாவது ஏறக்குறைய 16 கிராம், நான் மொத்தமாக வாங்குகிறேன். 50 கேலிபர் குழலில் 45 கேலிபர் குண்டைப் பொருத்தும் சேபோ என்ற பிளாஸ்டிக் உறையைத் தனிப் பொட்டலமாக வாங்குகிறேன். இவை இரண்டையும் சேர்த்து மசில்லோடர் என்று அச்சிட்ட பெட்டியில் போட்டுவிட்டால் விலை ஏறிவிடுகிறது என்பதே என் நெடுநாள் மனக்குறை.

எங்கள் சுடுதளத்தில் ஒரு மூத்த உறுப்பினர் இதைப் பார்த்து, "பிஸ்டல் குண்டை வைத்துக்கொண்டா மானுக்குப் போகிறீர்கள்?" என்று எல்லோர் முன்னிலையிலும் சிரித்தார். அவர் போட்டது மூன்று 50 கிரெய்ன் வெடிமருந்து வில்லைகளும் செம்பு முனை பளபளக்கும் விலையுயர்ந்த குண்டும். 100 கஜத்தில் அவருடைய துளைகள் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவின. தூளாக 90 கிரெய்ன் அளந்து போட்ட என் குண்டுகள் ஒரு சீட்டு அட்டைக்குள் அடங்கின. அவருடைய குழலுக்கு வேறு எடைக் குண்டு பிடித்திருக்கலாம் என்று வாதிட வருவீர்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். பெட்டியில் பெரிதாக அச்சிடும் வேகமெல்லாம் பெரும்பாலும் 150 கிரெய்ன் மருந்துக்கானது. அந்த அளவில் உதையும் புகையும் கூடுமே தவிர, மானின் நெஞ்சறைக்கு அத்தனை தேவையில்லை. மருந்தை ஐந்து ஐந்து கிரெய்னாக, தயாரிப்பாளர் சொன்ன உச்ச அளவுக்குள், மாற்றிப் பார்ப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனால் சிக்கனம் என்று நவீனத் தோட்டாக்களுக்கான புகையில்லா வெடிமருந்தை மட்டும் போட்டுவிடாதீர்கள், குழல் வெடித்துவிடும்.

ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடையுங்கள். கசடு படிந்த குழலில் சேபோ இறங்கும் இறுக்கம் மாறும். இறுக்கம் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். குண்டு மருந்தின் மேல் முழுமையாக அமர்ந்திருக்கிறதா என்று அறியத் திணிகோலில் ஒரு கோடு போட்டுவையுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் ஃபிளின்ட்லாக் (சிக்கிமுக்கிக் கல் பொறியால் பற்றவைக்கும் பழைய பாணித் துப்பாக்கி) பருவத்தில் இந்த இன்லைன் செல்லாது. அதற்கென்று மெதுமுறுக்குள்ள (60 அல்லது 66 அங்குல) ஃபிளின்ட்லாக் துப்பாக்கி வாங்கினால் .490 அங்குல உருண்டை, சுமார் 177 கிரெய்ன், எல்லாவற்றையும்விட மலிவு. அச்சு வாங்கி வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில், தூய மென்காரீயத்தில் நீங்களே வார்த்துக்கொள்ளலாம். அதை 75 கஜத்துக்குள் வைத்துக்கொள்வதே என் வழக்கம். எந்தக் காரீயக் குண்டானாலும் காயத்தைச் சுற்றியுள்ள இறைச்சியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள், குறிப்பாக வீட்டில் குழந்தைகள் இருந்தால்.

வேறு மாநிலத்துக்குப் போவதானால் விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள். கொலராடோவின் மசில்லோடர் பருவத்தில் சேபோவுக்கு அனுமதி இல்லை. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்குக் காரீயமே கூடாது என்பதால் உள்ளே காரீயம் கொண்ட எக்ஸ்டிபியும் அங்கே உதவாது.