பாலித்தீன் பை, பாலியெஸ்டர் நூல்: இரண்டிலும் மூலக்கூறுச் சங்கிலி ஒரே மாதிரிதான் வளர்கிறதா?

இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இரண்டும் பக்கத்திலேயே கிடந்தாலும் வளர்ந்த விதம் வேறு.

மெல்லிய பைகளுக்குப் பயன்படும் குறை அடர்த்திப் பாலித்தீனில் (LDPE), இணையில்லாத எலக்ட்ரான் கொண்ட துணுக்கு ஒன்று, எத்திலீன் என்ற சிறு மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பைத் திறந்து ஒட்டிக்கொள்ளும். அந்த எலக்ட்ரான் புது நுனிக்குப் போய்விடும். அடுத்த எத்திலீன் அங்கே சேரும். ஒரு சங்கிலி பிறந்து, ஆயிரக்கணக்கில் நீண்டு, முடிவது சில நொடிகளுக்குள். வளரும் இரண்டு சங்கிலிகளின் நுனிகள் மோதினால் கதை முடிந்தது.

பாலியெஸ்டரில் இந்த அவசரம் கிடையாது. எந்த மூலக்கூறும் எந்த மூலக்கூறோடும் சேரலாம். குட்டிச் சங்கிலிகள் தங்களுக்குள்ளேயே இணையும். எவ்வளவு இணைந்தால் சங்கிலி எவ்வளவு நீளும் என்று சொல்லும் கரோதர்ஸ் சமன்பாட்டின்படி, வினைமுனைகளில் (இணையக்கூடிய நுனிகளில்) 90 சதவீதம் இணைந்த பிறகும் சராசரி நீளம் 10 அலகுதான். 99 சதவீதத்தில்தான் 100. கடைசி ஒரு சதவீதம்தான் உண்மையில் பாடுபடுத்தும்! அதற்காகவே இறுதிக் கட்டத்தில் வெற்றிடம் வைத்து, சங்கிலிகள் இணையும்போது வெளிவரும் எத்திலீன் கிளைக்கால் என்ற துணைப்பொருளை உறிஞ்சி எடுக்கிறார்கள்; அது தங்கினால் வினை பின்னோக்கிப் போய்விடும்.