மக்கள் வழி இயற்கைப் பாதுகாப்பு என்றால் என்ன?

ஓர் ஊரார் தம் ஏரியையோ காட்டையோ, சட்டத்தின் வற்புறுத்தலின்றித் தாமாகவே முன்வந்து காப்பதே மக்கள் வழி இயற்கைப் பாதுகாப்பு ஆகும். செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கலில், நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் ஏரிநீரில் கலந்து வயலுக்கு உரமாகப் பாய்வதை அறிந்த உழவர்கள், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வேட்டையைத் தடுக்க அரசின் ஆணையைப் பெற்றனர். ஆயினும் பயன் மட்டுமே காரணமன்று. நாள்தோறும் கண்டு மனம் இளைப்பாறும் உயிர்களிடம் உறவுணர்வும் பிறக்கிறது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை (சிறுவர்களும் இணங்குவதுதான் வியப்பு). பிள்ளை பெற்ற வீட்டில் உரக்கப் பேசாதிருப்பதைப் போன்றது இது.

இயற்கையோடு இணைவதென்றால் கூட்டருகே செல்வது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், நெருங்கினால் தாய்ப்பறவை அகன்றுவிட, குஞ்சுகள் வெயிலில் வாடும் என்பதால், கரையில் நின்று பார்ப்பதே முறை.