சின்ன கல்லூரியில் ஊடகப் படிப்பு: மகளைச் சேர்க்கலாமா?

பெங்களூரில் மகளுக்குச் சின்ன தனியார் கல்லூரியில் ஊடகப் படிப்பு கிடைத்திருக்கிறது, வகுப்பில் இருபது பேர்தான், பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆள் குறைவு என்று தயங்காதீர்கள் அண்ணா. கேமரா கைக்கு வரும், எழுதிய செய்தியை ஆசிரியர் வரி வரியாகத் திருத்த நேரம் இருக்கும்.

பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், அது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அப்புறம் வகுப்பு நடக்கும் நாளில் நேரில் போங்கள். எடிட்டிங் அறையில் பிள்ளைகள் வேலை செய்கிறார்களா, இல்லை கணினிகள் உறை போட்டுக் கிடக்கின்றனவா? இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் போன செமஸ்டரில் எடுத்த படத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கல்லூரி தரும் பளபளப்புக் கையேட்டை நம்பாதீர்கள்.

அல்சூரில் வளர்ந்தவள் என்கிறீர்கள், கன்னடம் பேசுவாள். எழுதவும் பழகட்டும். மூன்று மொழியில் எழுதத் தெரிந்த நிருபருக்கு இந்த ஊரில் மதிப்பு அதிகம். பனசங்கரியில் சுசித்ரா திரைப்படச் சங்கம் இருக்கிறது, அங்கே போய்ப் படம் பார்க்கட்டும்.

முதுகலைக்கு டெல்லி ஜாமியா மிலியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்தில் 1982இல் தொடங்கிய ஊடக ஆய்வு மையம் உண்டு. நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர வேண்டும். அங்கே அவள் செய்த வேலைதான் பேசும், கல்லூரியின் அளவு அல்ல.